டெர்மினல்காரர் வீடு

பக்கத்து மனையில் நேற்று ஒரு கன்டெய்னரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வீடு கட்டப் போகிறார்களாம். சிமென்ட் மூட்டை அடுக்கவும் வாட்ச்மேன் படுத்துக்கொள்ளவும் சென்னையிலிருந்து ஒரு பழைய பெட்டியை வாங்கி வந்திருக்கிறார் மேஸ்திரி. கிரேன் வைத்துத்தான் இறக்கினார்கள். ஒரு மூலை தரையைத் தொட, இன்னொரு மூலை அந்தரத்தில் ஆட, நம் காம்பவுண்டுச் சுவர் தப்பியதே பெரிய விஷயம். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான், "நாலு மூலையும் ஒக்காரட்டும், அப்புறம் விடுப்பா!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். கிரேன்காரன் அண்ணாந்து, இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி பார்த்தான். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். அது உங்கள் வாக்கியம்.

வெயில் ஏற ஏறப் பெட்டியிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. சூடான இரும்பு, பழைய பெயின்ட், கூடக் கொஞ்சம் கிரீஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் சட்டையை ஊறவைக்க எடுக்கும்போது என் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. அப்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சோப்பை இன்னொரு தடவை தேய்ப்பேன். நேற்றோ சுவரோரம் போய் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடிதம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நீங்கள் துறைமுகத்திலிருந்து பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். நான் ஆபீஸ் டைப் மெஷினில் பதில் தட்டி அனுப்புவேன். மேலே "பொருள்: வீட்டுக்கு வருவது தொடர்பாக", அதன் கீழே "பார்வை: தங்கள் கடிதம்". உடன் வேலை செய்கிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்டி, "என் பொண்டாட்டி எனக்கு மெமோ குடுத்துட்டா" என்று சொல்லிச் சிரித்தீர்களாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த கடிதத்தையும் அப்படித்தான் தட்டினேன். வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

நம் மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம்தான் நமக்குக் கல்யாணம். எண்பத்தொன்பது. புது மாவட்டம், புது ஆபீஸ், புதுத் தட்டச்சர் நான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பிசகாமல் தட்டுவேன். என்ன தட்டினாய் என்று கேட்டால் முழிப்பேன். "உனுக்கு இங்கிலீஷ் வெரல்லதான் இருக்குது, மண்டைக்கு இன்னும் வந்து சேரல" என்பீர்கள். இதைச் சொல்லி என்னை நீங்கள் சீண்டாத வாரம் இல்லை.

பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை மெட்ராஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார் என்று தரகர் சொன்னார். எங்கள் அப்பா, "மண்ணு அள்ளுமே, அந்த கிரேனா?" என்று கேட்டுவிட்டார். நீங்கள் கொஞ்சம்கூடச் சங்கடப்படவில்லை. "இல்ல மாமா, கப்பல்ல இருந்து பெட்டி எறக்கறது. ஒரு பெட்டி நம்ம வீட்டு கூடம் அளவு இருக்கும்" என்றீர்கள். அப்பா கூடத்தைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இத்தயா தூக்குவீங்க?" என்றார். அன்றைக்கே உங்களை அவருக்குப் பிடித்துப்போனது. எனக்குப் பிடித்தது நீங்கள் 'மாமா' என்று முந்திக்கொண்டதுதான்.

இரண்டு பேரில் ஒருவர் மாற்றல் வாங்கிக்கொள்வதாகத்தான் பேச்சு. எப்படி முடியும்? திருவண்ணாமலையில் கடல் இல்லை; மெட்ராஸில் எங்கள் மாவட்டம் இல்லை. அதனால் சனிக்கிழமை சாயங்காலப் பஸ்தான் நம் குடும்பம் என்று ஆனது. திண்டிவனம், செஞ்சி தாண்டி, உங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரும் தாண்டி வந்து இறங்குவீர்கள். பௌர்ணமி சேர்ந்துவிட்டால் போச்சு, மெட்ராஸிலிருந்தே நின்றுகொண்டு வரவேண்டும். ஊரே மலையைச் சுற்றப் போய்க்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் வீட்டுக்குள் வந்து காலை நீட்டி விழுவீர்கள். "வாராவாரம் மெட்ராஸயும் மலையயும் சேத்து சுத்தறேன், எனக்கு இது போதும்" என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சுதான். நான் சமைக்க, நீங்கள் அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து துறைமுகம் பேசுவீர்கள். கிரேன் உச்சியில் கண்ணாடித் தரை போட்ட சின்ன அறை. இரண்டு காலுக்கு நடுவே பார்த்தால் கீழே கப்பல். பெட்டியின் நாலு மூலையிலும் பூட்டு சரியாக உட்கார்ந்தால்தான் தூக்க வேண்டும். ஒரு மூலை உட்காராவிட்டாலும் கீழே நிற்கிறவன் கதி அதோகதி. இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எதைச் செய்தாலும் 'நாலு மூலையும் ஒக்காரட்டும்' என்று ஆகிவிட்டது. பெட்ஷீட் விரித்தால் அதுதான். இட்லிக் குண்டானை மூடினாலும் அதுதான். குண்டான் வட்டம், அதற்கு ஏது மூலை என்று நான் கேட்டால், "கப்பல்ல வேல செய்றவனுக்கு எல்லாமே பெட்டிதான்" என்பீர்கள். குனிந்து குனிந்து பார்த்தே கழுத்து பின்பக்கம் மடங்காமல் போய்விட்டது உங்களுக்கு. தீபத்தன்று மலை உச்சியைப் பார்க்கச் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் பெட்டிக் கப்பல் வருவதே ஒரு விசேஷம் மாதிரி சொல்வீர்கள். பருப்பும் உரமும் மரமும் மூட்டையாகவும் கட்டாகவும் இறங்கிக்கொண்டிருந்த இடம். ஒரு ஓரத்தில்தான் பெட்டி. பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் கதை பெரிதானது. பெட்டி வைக்க இடம் இல்லை என்றீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறோம் என்றீர்கள். கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறது, லாரி வடக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசையில் நிற்கிறது, லாரிக்காரர்கள் ரோட்டிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றீர்கள். எனக்கு அதில் ஒன்றுதான் காதில் விழும். துறைமுகம் வளர வளர உங்களை விடமாட்டார்கள்.

"எப்பதாங்க வருவீங்க?"

"இன்னும் ஒரு வருஷம்மா. புது கிரேன் வருது. அத்த ஓட்டறதுக்கு ஆளு கம்மி."

மறு வருஷம் வேறு ஒன்று வரும். கப்பல் பெரிதாகும், கப்பல் வந்து நிற்கிற பெர்த் நீளமாகும், ஷிப்டு மாறும். நீங்கள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் என்று சொல்லும்போது நிஜமாகவே ஒரு வருஷம்தான் நினைத்தீர்கள். நமக்குப் பிள்ளை இல்லை என்று ஆனபிறகு அந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்டேன். எங்கள் கலெக்டர் ஆபீஸ் ஊரோரம் வேங்கிக்காலுக்கு வந்தது. நாமும் அதன் பின்னாலேயே வந்து இங்கே இந்த வீட்டைக் கட்டினோம். ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கூடம் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். வருவார் என்று சொன்னேன்.

பிறகுதான் அந்தப் புதுக் கம்பெனி வந்தது. பெட்டி இறக்குகிற பகுதியை மட்டும் தனியாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று நீங்கள் வந்து சொன்ன ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நீங்கள் சொல்லி நான் புரிந்துகொண்டது இதுதான்: துறைமுகத்திலேயே வேறு வேலைக்குப் போகலாம், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கலாம், இல்லை என்றால் புதுக் கம்பெனியில் சேரலாம். நடுவில் இருந்தது மட்டும்தான் என் மனசில் தங்கியது. குழம்பைக்கூட இறக்காமல் கேட்டேன்.

"அப்ப வந்துடறீங்களா?"

நீங்கள் முக்காலியிலிருந்து எழுந்துகொண்டீர்கள். அப்போதே தெரிந்துவிட்டது.

"கேளேன். அவங்க கொண்டார கிரேன் இருக்குதே, நம்ம ராஜகோபுரத்துக்குப் பக்கத்துல நிறுத்தினா ஜோடி போடலாம். எந்த பெட்டி எங்க போவணும்னு கம்ப்யூட்டரே சொல்லிடுது. சிங்கப்பூரு, கொழும்புனு போற சரக்கெல்லாம் இனிமே நேரா நம்ம கிட்ட வரப்போவுது. இத்தன வருஷம் ஓட்டிட்டு, நல்ல வண்டி வர்ற நேரத்துல எறங்கிடறதா?"

"நானும் ஒரு வண்டிதான. நான் நல்லா இல்லையா?" என்று கேட்டேன். சிரிப்பு மூட்டத்தான் கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு முந்திய பஸ்ஸுக்கே கிளம்பிப் போனீர்கள். அதன் பிறகு சில வாரங்கள் நீங்கள் போன் செய்தால் எடுத்து, "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். எனக்கு அழுத்தம் ஜாஸ்தி. அது உங்களுக்கும் தெரியும், எங்கள் ஆபீசுக்கும் தெரியும்.

ஆனால் கோபம் நிலைத்ததா? நிலைக்கவில்லை. மஞ்சள் சட்டையும் தலைக்குத் தொப்பியுமாக எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து காட்டினீர்கள். பின்னால் நீல வானத்தில் அந்தக் கிரேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தீர்கள். அந்தப் போட்டோவை அன்றைக்கே சட்டம் போட்டு மாட்டினேன். அதுவரை 'ஹார்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாம் அன்றிலிருந்து கம்பெனிக்காரர்கள் சொல்கிற மாதிரி 'டெர்மினல்' என்று சொல்ல ஆரம்பித்தோம். தெருவில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. எதிர் வீட்டம்மா, "எந்த பஸ் ஸ்டாண்டுல இருக்காரு?" என்று விசாரித்தார். நான் வாசலில் நின்று கப்பல், பெட்டி, கிரேன் எல்லாம் விளக்கினேன். கொஞ்ச நாளில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன்கூட 'டெர்மினல்காரர் வீடு' என்றுதான் கேட்டு வந்தான். எனக்குப் பெருமைதான். ஆபீசில் எதற்கெடுத்தாலும் எங்க வீட்டுக்காரர் டெர்மினல், டெர்மினல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு வயிற்றுவலி அதற்கும் முன்னாலேயே இருந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பரோட்டா என்றும் நேரம் கெட்ட ஷிப்டு என்றும் சமாளித்தீர்கள். பங்குனி வெயிலில் ஒருநாள், "மெட்ராஸ்ல ஒரு டாக்டர் உன்ன பாக்கணும்னு சொல்றாரு, வாயேன்" என்றீர்கள். டாக்டருக்கு என்னைப் பார்த்து என்ன ஆகவேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. மெட்ராஸ் போகிறோம் என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசு, வெளிமாநிலத்துக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"அம்மா, ஹஸ்பண்ட் டெர்மினல். உங்களுக்குத் தெரியணும்."

"தெரியுமே சார்" என்றேன். "இப்ப கொஞ்ச நாளாத்தான் டெர்மினல். அதுக்கு முன்னாடி ஹார்பர். நான்கூட வேணாம்னு சண்ட போட்டேன். இப்ப பழகிடுச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். நீங்கள் மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இனி வேலை வேணாம்" என்றார் அவர், மெதுவாக. "வீட்டுக்கு அழைச்சுப் போங்க. கூட இருங்க. அவருக்கு என்ன இஷ்டமோ அது குடுங்க."

அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் மெமோ தட்டியும் நடக்காததை ஒரு டாக்டர் ஒரே வார்த்தையில் உத்தரவு போட்டுவிட்டார். எழுந்து நின்று கும்பிட்டேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். அந்தப் பிள்ளை முகம் போன போக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "நான் சொல்லிக்கிறேன் சார், அவங்களுக்கு."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நீங்கள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தீர்கள். டீ தளும்பிச் சட்டையில் ஊற்றுகிற அளவுக்குச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாங்க, எதுக்கு சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. டாக்டரு பயந்துட்டாரு."

"எதுக்கு?"

"உன்ன பாத்துதான்." சட்டையைத் துடைத்துக்கொண்டீர்கள். கண்ணையும் துடைத்துக்கொண்டீர்கள். "அல்சராம். குனிஞ்சே ஒக்காந்துக்கினு இருந்ததுல வயிறு புண்ணாயிடுச்சு. லீவு போட்டுட்டு வீட்டுக்கு வந்துடறேன். போதுமா?"

போதும் என்றேன். கடையில் இருந்த ஆளுக்குக்கூட அந்தச் செய்தியைச் சொன்னேன்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வது? எனக்கு அதைவிட நல்ல காலம் வாழ்க்கையில் வந்ததில்லை. காலையில் கண் விழித்தால் நீங்கள் இருப்பீர்கள், அதுவும் செவ்வாய்க்கிழமை, புதன்கிழமையில். உங்களுக்கு என்று தனியாகக் குழைய வடித்து, மோர் ஊற்றி மூடி வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவேன். சாயங்காலம் வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். பாத்திரத்தில் ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. "நல்லா பசி எடுக்குதுக்கா அவருக்கு" என்று ஆபீசில் எங்கள் பிரிவில் எல்லோரிடமும் சொல்வேன். உடம்பு இளைத்துக்கொண்டுதான் போனது. அல்சருக்குக் காரம் இல்லாமல் சாப்பிட்டால் இளைக்கத்தானே செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆபீஸ் என்ன, தூரமா? நம் தெருமுனையைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டு. மத்தியானம் பொடிநடையாக வந்து உங்களோடு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். தோன்றவே இல்லையே எனக்கு. கொளுத்துகிற வெயிலில் எதற்கு என்று பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்து, டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கவும் செய்தீர்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"இன்னிக்கு லீவு போடேம்மா."

"எதுக்கு?"

"சும்மாதான். பேசிக்கினு இருக்கலாம்."

"பேசறதுக்கு யாராவது லீவு போடுவாங்களா? இனிமே இங்கதான இருக்கப் போறீங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?"

ஈட்டிய விடுப்பை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். உங்களுக்கு உடம்பு தேறியதும் ஒன்றாக எங்காவது போகவேண்டும் என்று கணக்கு. காசியா, கன்னியாகுமரியா என்று உங்களிடம் கேட்டேன். "நீ எங்க சொல்றியோ அங்க" என்றீர்கள். அந்தப் பதில் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் மனுஷன் எப்படி அடங்கிவிட்டார் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒருநாள். எங்கள் பிரிவில் கற்பகம் என்று புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள், எனக்குத் தங்கை மாதிரி. யாரோடோ போனில் பேசிவிட்டு வந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். என்னம்மா என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு டெர்மினலாங்க்கா. வேலூர்ல சொல்லிட்டாங்க."

எனக்குத்தான் அந்த வார்த்தையைக் கேட்டாலே பெருமை பொங்குமே. "அட, எங்க வீட்டுக்காரரும் டெர்மினல்தான! எங்கிட்டயே டாக்டர் சொன்னாரே" என்றேன். வேலூரில் ஏது கப்பல் என்றுகூட எனக்கு ஓடவில்லை.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இத்தன நாளா சொல்லவே இல்லையே. எப்டிக்கா சிரிச்சிக்கினு இருக்கீங்க?"

"அழறதுக்கு இன்னா இருக்குது இதுல?"

எல்லா மெஷினும் நின்றுவிட்டது. எனக்கு விஷயமே தெரியாது என்று அவளுக்குப் புரிந்துபோனது. என் கையை விடாமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "டெர்மினல்னா, இனிமே வைத்தியம் இல்ல, கடைசி கட்டம்னு அர்த்தம்க்கா."

ஓய்வு பெறுகிறவர்கள் ஃபைலில் எத்தனை தடவை தட்டியிருப்பேன் அந்த வார்த்தையை. ஓர் எழுத்து பிசகாமல் தட்டியிருப்பேன். உட்கார்ந்த இடத்திலேயே அந்த டாக்டர் சொன்னது ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. வேலை வேணாம். வீட்டுக்கு அழைச்சுப் போங்க. இரண்டையும் அன்றைக்கே காதில் வாங்கிக்கொண்டேன். அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். கூட இருங்க.

விடுப்புக் கடிதம் எழுதினேனா, கற்பகம்தான் எழுதிக் கொடுத்தாளா, நினைவில்லை. வெயிலில் எப்படி ரோட்டைக் கடந்தேன் என்பதும் நினைவில்லை. வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் நீங்கள் இல்லை. கொல்லைப்பக்கம் போனேன். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தட்டை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். அந்தப் பக்கம் காலி மனையில் எதிர் வீட்டம்மாவின் ஆடு, முன்னங்காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, நான் காலையில் குழைய வடித்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. இந்த வருஷம் ஆடு நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று அந்தம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தீர்கள். தட்டை மறைக்க இடம் இல்லை.

"இன்னாம்மா, இந்நேரத்துல?"

"லீவு."

"எத்தினி நாளு?"

"இருக்கறதெல்லாம்."

என் முகத்தைப் பார்த்தீர்கள். ஆடு இன்னும் வேண்டும் என்று கத்தியது. அதன் தலையைத் தட்டி அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "அப்ப கைய கழுவிக்கினு வா, ஒக்காரலாம்" என்றீர்கள். கடைசி வரைக்கும் அந்த வார்த்தையை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த விடுப்பில் பாதிகூடச் செலவாகவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று உங்களோடு இன்னமும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சொன்னால் அழுதே அந்த மாதங்களைக் கரைத்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். நினைத்தது சரிதான். அழுதுதான் இருப்பேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அழுதிருப்பேனே. என்னைச் சந்தோஷமாக வைத்திருந்தீர்கள், அதில் குறை சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டு நான் ஆபீசுக்கல்லவா போய்க்கொண்டிருந்தேன்? நீங்கள் வந்தால் போதும் என்று கேட்டுக் கேட்டு, வந்த பிறகு வீட்டில் நான் இல்லை. ஒரு வார்த்தைக்கு இன்னோர் அர்த்தம் இருக்கும் என்று தெரியாததற்கு இவ்வளவு பெரிய அபராதமா?

உங்கள் சாமான்களை வாங்கிவரக் கற்பகத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை மெட்ராஸ் போனேன். கடற்கரை ரோட்டில் பஸ் போகும்போது கட்டடங்களுக்கு மேலே கிரேன்கள் தலை தெரிந்தன. வரிசையாக, கடலைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. எது உங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. இப்போது இரண்டாவதாக ஒரு டெர்மினலும் வருகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. இன்னும் பெரிய கப்பல், இன்னும் நீளமான பெர்த். நீங்கள் இருந்தால் முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசுவீர்கள். துறைமுகம் இப்படி வளரும் என்று நீங்கள் சொன்னது எல்லாமே நடந்திருக்கிறது. அதில் எனக்கு ஒரு சின்னக் கோபமும் இருக்கிறது. நீங்கள் இல்லாமலே அது நடக்கிறது பாருங்கள்.

வேலையை விடவில்லை. மெஷின் எல்லாம் போய் எங்கள் பிரிவுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் நான் பிரிவுப் பெண்களோடு உட்காருவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுகிறேன். ஒருநாள் கற்பகம் கேட்டாள், "இந்த வெயில்ல எதுக்குக்கா அலையறீங்க, வீட்ல யாரு இருக்காங்க?"

யாரும் இல்லைதான். பூட்டைத் திறந்து, கூடத்தில் ஃபேனைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். அந்த நேரத்தில் கூடத்தில் வெயில் எதுவரை வரும், தெருவில் எந்தச் சத்தம் அடங்கும், எந்தச் சத்தம் கேட்கும் என்பதெல்லாம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நீங்கள் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மத்தியானம் இதுதான்.